உயிரோடிருப்பவருக்கு இரங்கல்

1979-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள். லோகநாயகர் ஜெயப்பிரகாஷ் நாராயண் சிறுநீரக நோயால் நலிவுற்று, பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் கிடந்தார். அன்று பாராளுமன்றத்தில் எழுந்து நின்ற பிரதமர் மொரார்ஜி தேசாய், ஜெயப்பிரகாஷ் நாராயண் மறைந்துவிட்டார் என்று அறிவித்தார். இரங்கல் மொழிகள் கூறப்பட்டன, அவை ஒத்திவைக்கப்பட்டது. வானொலி தன் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்தியது. பள்ளிகள் மூடப்பட்டன, கடைகள் அடைக்கப்பட்டன. ஆனால் எவருக்காக நாடு அழுததோ, அவர் மருத்துவமனைக் கட்டிலில் உயிரோடுதான் இருந்தார். அதன் பின்னும் 200 நாட்கள் வாழ்ந்து, அக்டோபர் 8-ஆம் நாள் பாட்னாவில் அவர் காலமானார். தம் 'மரணம்' பற்றிப் பின்னர் கேள்வியுற்றபோது அவர் புன்னகை செய்தாராம்.

அவர் புன்னகை செய்தார். நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். இது தெருமுனையில் பிறந்த வதந்தியன்று. சொன்னவர் நாட்டின் பிரதமர்; சொன்ன இடம் பாராளுமன்றம்; பரப்பியது அரசு வானொலி. இம்மூன்றையும்விட உறுதியான சாட்சி அந்நாளில் எங்கே கிடைக்கும்? ஆயினும் செய்தி பொய். ஏன்? நோயாளியின் கட்டிலருகே இருந்தவர்களிடம் எவரும் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை. டெல்லிக்கும் பம்பாய்க்கும் இடையே ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது. மேலிடத்திலிருந்து வந்த சொல்லாயிற்றே என்று ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் கைமாற்றினர். அவ்வளவே.

அன்பார்ந்த வாசகர்களே, புகழ்பெற்ற மனிதர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களுக்கு இரங்கல் கூறும் இந்நோய் புதியதன்று. 1897-ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இலண்டனில் தங்கியிருந்தார். அவருடைய உண்மைப் பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். அதே குடும்பப் பெயரைக் கொண்ட உறவினர் ஒருவர் அந்நகரில் நோயுற்றிருந்தார். பெயர்க் குழப்பத்தில் எழுத்தாளரே சாகக் கிடக்கிறார் என்றும், செத்துப்போனார் என்றும் செய்தி கடல் கடந்தது. விசாரிக்க வந்த பத்திரிகையாளரிடம், தம் மரணச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்னும் பொருள்பட அவர் நகைச்சுவையாகப் பதிலளித்தார். அதன் பின் 13 ஆண்டுகள் வாழ்ந்து 1910-இல்தான் இறந்தார்.

நமது திருச்சபையின் தலைவர்களும் இதற்குத் தப்பவில்லை. 1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் காஸ்தல் கந்தோல்போ மாளிகையில் மரணப்படுக்கையில் இருந்தார். மாளிகைக்கு வெளியே நிருபர்கள் கூடி நின்றனர். திருத்தந்தையின் உயிர் பிரிந்ததும் ஒரு குறிப்பிட்ட சன்னலைத் திறந்து சைகை காட்டுவதென உள்ளிருந்த ஒருவரோடு ஏற்பாடு செய்திருந்ததாகவும், காற்றுக்காக வேறொருவர் அச்சன்னலைத் திறக்கவே, நிருபர்கள் தொலைபேசியை நோக்கி ஓடியதாகவும் அக்காலத்துப் பத்திரிகையாளர்கள் கூறியுள்ளனர். எவ்வாறாயினும், உரோமை நகர நாளிதழ்கள் சில அக்டோபர் 8-ஆம் நாளே அவர் மறைந்ததாகச் செய்தி வெளியிட்டுவிட்டன. அவர் இறந்ததோ 9-ஆம் நாள் விடியுமுன். தம் நோயாளியின் இறுதி நேரங்களைப் படமாகவும் குறிப்பாகவும் பத்திரிகைகளுக்கு விற்க முற்பட்ட மருத்துவர் ஒருவர், பின்னர் வத்திக்கானுக்குள் நுழையக் கூடாதெனத் தடை செய்யப்பட்டார். மரணம் ஒரு சரக்காகிவிட்டால், அது வருமுன்னரே விற்பனை தொடங்கிவிடுகிறது!

இச்சரக்கு எவ்வாறு ஆயத்தமாகிறது என்பதையும் நாம் அறிந்திருத்தல் நலம். பெரிய செய்தி நிறுவனங்கள் முதிய தலைவர்களுக்கும் கலைஞர்களுக்கும் இரங்கற் குறிப்புகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். இதில் தவறில்லை. நீண்ட வாழ்வொன்றை அரைமணி நேரத்தில் செம்மையாக எழுதிவிட இயலாது. ஆனால் பூட்டி வைக்க வேண்டிய பேழை சில வேளைகளில் திறந்துகொள்கிறது. 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் சி.என்.என். நிறுவனம் எழுதி வைத்திருந்த குறிப்புகள் இணையத்தில் எவரும் காணும்படி கிடந்தன. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், நெல்சன் மண்டேலா, பிடல் காஸ்ட்ரோ ஆகியோர் அப்பட்டியலில் இருந்தனர். அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராயிருந்த டிக் செய்னிக்கு உரிய பக்கத்தில், அவர் பிரிட்டன் மக்களின் அன்பிற்குரிய பாட்டி என்று காணப்பட்டது. இங்கிலாந்து அரசியின் தாயாருக்காகச் செய்த அச்சிலேயே அவரையும் வார்த்திருந்தார்கள்! 2020-ஆம் ஆண்டு நவம்பரில் பிரான்சு நாட்டு வானொலியான ஆர்.எப்.ஐ., உயிரோடிருந்த ஏறக்குறைய நூறு பேரின் இரங்கற் குறிப்புகளைத் தவறுதலாக வெளியிட்டு மன்னிப்புக் கோரியது. அவர்களுள் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தும், கால்பந்து வீரர் பெலேயும் இருந்தனர்.

1998-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் நடந்தது இன்னும் வியப்பானது. நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் பற்றி ஆயத்தமாயிருந்த குறிப்பொன்று கை தவறி இணையத்தில் வெளியாயிற்று. அதைக் கண்டவர்கள் சொல்ல, அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் உறுப்பினர் ஒருவர் எழுந்து அவர் மறைவைத் துயரத்தோடு அறிவித்தார். அவ்வேளையில் பாப் ஹோப் தம் இல்லத்தில் காலை உணவு உண்டுகொண்டிருந்தார். நூறு வயது நிறைந்து, 2003-ஆம் ஆண்டு ஜூலையில்தான் அவர் இறந்தார். பாராளுமன்றத்தில் சொல்லிவிட்டால் பொய் மெய்யாகிவிடாது என்பதை டெல்லிக்குப் பின் வாஷிங்டனும் கற்றுக்கொண்டது.

இவையெல்லாம் தூரத்துக் கதைகள் என்று நாம் ஒதுக்கிவிட வேண்டா. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் மாலையை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. தமிழக முதல்வர் ஜெயலலிதா செப்டம்பர் 22 முதல் சென்னையில் மருத்துவமனையில் இருந்தார். அன்று மாலை தொலைக்காட்சி நிலையங்கள் சில அவர் இறந்துவிட்டதாக அறிவித்தன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்திற்கு இறங்கியது. சிறிது நேரத்தில் மருத்துவமனை அதனை மறுத்தது; உயிர் காக்கும் கருவிகளின் உதவியோடு சிகிச்சை தொடர்கிறது என்று தெரிவித்தது. இறங்கிய கொடி மீண்டும் ஏறியது. இரவு 11.30 மணிக்கு அவர் இறந்தார் என்னும் அறிவிப்பு நள்ளிரவுக்குப் பின் வந்தது. சில மணி நேரத்திற்குள் ஒரு மாநிலமே அழுது, நிறுத்தி, மறுபடியும் அழுதது.

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பின்னணிப் பாடகி எஸ். ஜானகி இறந்துவிட்டார் என்று கைப்பேசிகளில் செய்தி பறந்தது. உண்மையில் அவர் அறுவை சிகிச்சைக்குப் பின் நலமாகத் தேறி வந்தார். அன்று பொறுக்க மாட்டாமல் காணொளியில் தோன்றி, இவ்வாறு பொய் பரப்பாதீர்கள் என்று கண்டித்தவர் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம். இரண்டு மாதம் கழியவில்லை. கொரோனா நோயுற்று அவரே மருத்துவமனையில் கவலைக்கிடமானார். இப்போது அவரைப் பற்றியே பொய்ச் செய்திகள் கிளம்பின. தந்தையின் நிலை கண்டு கலங்கியிருந்த மகன், வதந்திகளை மறுப்பதற்காகவும் காணொளியில் பேச வேண்டியதாயிற்று. செப்டம்பர் 25-ஆம் நாள் பாலசுப்பிரமணியம் இயற்கை எய்தினார்.

முற்காலத்தில் இத்தகைய பிழைகளுக்கு அவசரமும் கவனக்குறைவும் காரணமாயிருந்தன. இன்று மூன்றாவது காரணம் ஒன்று சேர்ந்துள்ளது. அது பணம். யூடியூபில் ஒரு காணொளியை எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்களோ, அதற்கேற்ப விளம்பர வருமானம் கிடைக்கிறது. ஆகவே உயிரோடிருக்கும் நடிகரின் படத்திற்கு மாலை போட்டு, பக்கத்தில் விளக்கேற்றி, 'பிரபல நடிகர் மரணமா?' என்று தலைப்பிடுகிறார்கள். கடைசியில் நிற்கும் அந்தக் கேள்விக்குறியைக் கவனியுங்கள். நாங்கள் இறந்தார் என்று சொல்லவில்லையே, கேட்கத்தானே செய்தோம் என்று தப்பித்துக்கொள்ளும் வாசல் அது. பத்து நிமிடம் பார்த்து முடித்தபின், அவர் ஒரு திரைப்படக் காட்சியில் இறப்பதாக நடித்தார் என்பதே செய்தி என்று தெரியவரும். பார்த்தவருக்கு ஏமாற்றம், படைத்தவருக்குக் காசு.

ஆனால் காசும் காலமும் போவது சிறு இழப்பே. பெரிய இழப்பு வேறோரிடத்தில் நேர்கிறது. அது நோயாளியின் வீட்டில்.

2025-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், இந்தித் திரையுலகின் முதுபெரும் நடிகர் தர்மேந்திரா மும்பை மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்தபோது, அவர் இறந்துவிட்டதாகப் பெரும் செய்தி நிறுவனங்களே அறிவித்தன. மத்திய அமைச்சர் ஒருவரும் இரங்கல் வெளியிட்டுப் பின் நீக்கினார். அவருடைய மனைவியும் மகளும், அவர் உயிரோடிருக்கிறார், சிகிச்சைக்கு இணங்கி வருகிறார் என்று ஊருக்கு அறிவிக்க நேர்ந்தது. இது மன்னிக்க முடியாத செயல் என்று மனைவியாகிய ஹேமமாலினி மனம் நொந்து எழுதினார். நோயாளி வீடு திரும்பி, அதே மாதம் 24-ஆம் நாள் காலமானார்.

அந்த 13 நாட்களை எண்ணிப் பாருங்கள். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே அமர்ந்திருக்க வேண்டிய மனைவி, அவருக்கு உயிர் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. பிற்பாடு மரணம் உண்மையாகவே வந்தபோது, கேட்டவர்களுள் எத்தனை பேர் அழுவதற்கு முன், 'இந்த முறையாவது உண்மைதானா?' என்று கேட்டிருப்பார்கள்! பொய்யான மரணச் செய்தி வீட்டாரிடமிருந்து இரண்டு பொருள்களைத் திருடுகிறது. நம்பிக்கையோடு காத்திருக்கும் நாட்களின் அமைதியைத் திருடுகிறது. இறந்த நாளில் கிடைக்க வேண்டிய மரியாதையையும் திருடுகிறது.

பழைய ஏற்பாட்டில் யாக்கோபின் வரலாற்றை நாம் அறிவோம். யோசேப்பை விற்றுவிட்ட அண்ணன்மார், அவன் இறந்தான் என்று தங்கள் வாயால் சொல்லவில்லை. ஆட்டுக் கடாவின் இரத்தத்தில் தோய்த்த அங்கியைத் தகப்பனிடம் அனுப்பி, இது உம்முடைய மகனுடையதா என்று பாரும் எனக் கேட்டார்கள். கேள்விக்குறி போட்ட தலைப்பு அன்றே இருந்தது! இரத்தம் தோய்ந்த அங்கியே படமாக, கிழவர் தாமே முடிவு கட்டிக்கொண்டு அழுதார். யோசேப்பின் வயதைக் கணக்கிட்டால், அவ்வழுகை ஏறக்குறைய 22 ஆண்டுகள் நீடித்தது எனலாம். பின்னர் அதே பிள்ளைகள் எகிப்திலிருந்து திரும்பி, யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று மெய்யைச் சொன்னபோது, அவருடைய உள்ளம் மரத்துப்போயிற்று, அவர் நம்பவில்லை. மெய்யான நற்செய்தியும் செவியில் ஏறாதபடி செய்துவிடுவதே பொய்ச் செய்தியின் கொடுமை.

மரணச் செய்திக்கு உரிமையாளர் உண்டு என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். சிற்றூர்ப் பங்குகளில் துக்க மணி அடிக்கும் முறையைப் பாருங்கள். இன்னார் இறந்தார் என்று வீட்டாரில் ஒருவர் வந்து சொன்ன பிறகே கோவில்பிள்ளை மணிக்கயிற்றைத் தொடுவார். சந்தையில் கேட்டேன், வழியில் ஒருவர் சொன்னார் என்பதற்காக எவரும் மணி அடிப்பதில்லை. அடித்துவிட்டு, பின்னர் அவ்வீட்டு வாசலில் போய் நிற்க எவருக்குத் துணிவு வரும்? எல்லாச் சமயத்தாரிடமும் இவ்வழக்கம் உண்டு. இழவு சொல்லப் போகிறவரை அனுப்புவது இழவு வீடே. நகரத்தில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அச்சிடுவோரும் படத்தையும் பெயரையும் வீட்டாரிடமோ நெருங்கியவரிடமோ கேட்டுப் பெறுகின்றனர். எவரும் சட்டம் இயற்றிக் கற்பிக்கவில்லை. மரணத்தை முதலில் சொல்லும் உரிமை அவ்வீட்டுடையது என்று ஊர் அறிந்திருந்தது. இன்றோ நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு மணிக்கயிறு தொங்குகிறது. இழுக்க ஒரு விரல் போதும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நாட்டை ஆளும் ஒருவர் நோயுற்றால் அவர் நிலையை அறிய மக்களுக்கு உரிமை இல்லையா? வீட்டாரும் மருத்துவரும் வாய் திறவாதிருந்தால் வதந்தி பிறக்காமல் வேறென்ன செய்யும்? உண்மைதான். மௌனம் நீண்டால் அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்பும். ஆதலால் பொதுவாழ்வில் இருப்போரைச் சூழ்ந்துள்ளவர்கள் உரிய காலத்தில் உண்மை நிலையைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமை ஜெமெல்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, வத்திக்கான் அவர் உடல்நிலையைத் தொடர்ந்து அறிவித்து வந்தது. நோய் கடுமையானது என்பதையும் மறைக்கவில்லை. ஆயினும் அவர் இறந்துவிட்டார் என்று உலகெங்கும் பொய்ச் செய்திகளும் போலிப் படங்களும் பரவின. மார்ச் 6-ஆம் நாள் மாலை, புனித பேதுரு சதுக்கத்தில் செபமாலை சொல்லக் கூடியிருந்த மக்கள், தளர்ந்த குரலில் நன்றி கூறும் அவருடைய ஒலிப்பதிவைக் கேட்டனர். அவர் மார்ச் 23-ஆம் நாள் இல்லம் திரும்பி, ஏப்ரல் 21-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். பொய்ச் செய்தியின் தீமையைப் பற்றி 2018-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாளுக்கு மடல் எழுதியவரும் அவரே. ஆகவே அறிவிப்பு வேண்டும்; ஆனால் அறிவிப்பு மட்டும் போதாது. கேட்பவரிடம் பொறுமையும் வேண்டும்.

அப்பொறுமை நமக்கு ஏன் அரிதாகிறது? எல்லாருக்கும் முன்னால் நாம் சொல்ல வேண்டும் என்னும் சிறு ஆசையே காரணம். செய்தி நிறுவனத்தை ஆட்டிவைக்கும் அதே ஆசை, குடும்பத்துக் கைப்பேசிக் குழுவிலும் நம்மை ஆட்டிவைக்கிறது. 'ஆழ்ந்த இரங்கல்' என்று நாம் அனுப்பும் சொல்லில் எவ்வளவு இரக்கம் இருக்கிறது, எவ்வளவு முந்திக்கொள்ளும் மகிழ்ச்சி இருக்கிறது என்பதை நம் மனச்சாட்சி அறியும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளை நீதிமன்றக் கூண்டில் ஏறுவோருக்கு மட்டும் தரப்பட்டதன்று. நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் பிறருக்குச் சொல்லும்போது நாமும் சாட்சிக் கூண்டில்தான் நிற்கிறோம்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. அடுத்த முறை புகழ்பெற்ற ஒருவர் இறந்தார் என்று கைப்பேசி சொன்னால், முதலில் ஒன்றைக் கேட்போம்: இதைச் சொன்னது வீட்டாரா, மருத்துவமனையா, அல்லது 'சொல்லப்படுகிறது' என்னும் பெயரற்றவரா? விடை தெரியும்வரை செய்தி நம் கையிலேயே நிற்கட்டும். நாம் ஒரு மணி நேரம் தாமதித்ததால் எவருடைய ஆன்மாவும் நட்டமடையப் போவதில்லை. மெய்யாயிருந்தால் அது தானே நம்மைத் தேடி வரும். வீட்டில் பாட்டி கைப்பேசியைக் காட்டி, 'ஐயோ, இவர் போய்விட்டாராமே!' என்று கலங்கினால், பேரப்பிள்ளைகள் நகைக்காமல் அருகே அமர்ந்து, அது மெய்யா என்று தேடிக் காட்டட்டும். அவர் இளமையில் கேட்ட பாடல்களும் பார்த்த படங்களும் அப்பெயரோடு பிணைந்துள்ளன. அவர் துக்கம் மெய்யானது. பொய்யை அறியாமல் அனுப்பிவிட்டவர்கள் சத்தமின்றி நீக்கிவிட்டு ஒதுங்க வேண்டா. யாருக்கெல்லாம் அனுப்பினார்களோ அவர்கள் எல்லாருக்கும், அது தவறு என்று எழுதட்டும்.

அனுப்பத் துடிக்கும் அந்த நிமிடத்தை வீணாக்காமல் இருக்கவும் வழியுண்டு. செய்தி மெய்யோ பொய்யோ, அவர் நோயுற்றிருப்பது பெரும்பாலும் மெய்யாயிருக்கும். எங்கோ ஓர் அறையில் மனைவியோ மகனோ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வீட்டாருக்காக ஒரு நிமிடம் செபிப்போம். அவர் உயிரோடிருந்தாலும், இறந்திருந்தாலும் அச்செபம் பொய்த்துப் போகாது.